சுராங்கனி வந்த வழி

நான் தொழிலால் தாதி, முறையாக இசை படித்தவளல்ல. ஒரு பாட்டு நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று விசாரிப்பதில் ஆர்வம் உண்டு. இன்றைக்கு ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’யை எடுத்துக்கொள்கிறேன்.

பரிஸ் லா சப்பல் உங்களில் பலருக்குத் தெரிந்த இடம். 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்த நம்மவர்கள் உருவாக்கிய கடைத்தெரு. கசெட் காலத்தில் இங்கே சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, எழுச்சிப் பாட்டு எல்லாம் விற்றன. பொப்பிசையும் விற்றது, ஆனால் கல்யாண வீட்டில் ஆடுவதற்கு என்பதைத் தாண்டி அதற்கு மரியாதை கிடைக்கவில்லை. ‘சுராங்கனி’ வேறு சிங்களத்தில் தொடங்கும். வீடு வாசல் இழந்து வந்தவர் அதை ஏன் பாடவேண்டும் என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அதன் தாளம் இரண்டு மொழிக்கும் வெளியிலிருந்து வந்தது. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசு அவர்களிடம் வீழ்ந்தது. அவர்களுடைய ஆட்டப்பாட்டும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரின் தாளமும் கலந்து கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும் பிறந்தன. ‘பைலா’ என்பதே ஆடுவதைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் வயலினோடு இதைக் காப்பாற்றி வந்தார்கள். வொலி பஸ்தியான் சிங்கள மேடைக்குக் கொண்டுபோனார். 1960களிலும் 70களிலும் நித்தி கனகரத்தினம், மனோகரன் போன்றவர்கள் தமிழில் பாடினார்கள். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தின் மூலம் ‘சுராங்கனி’ தமிழ்நாட்டுச் சினிமாவுக்கும் போனது.

கோயிலில் கீர்த்தனை பாடி வளர்ந்த எனக்கு இது புதுமையில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கடல் கடந்து வந்த வேதத்தைக் கர்நாடக இராகத்தில் பாடினார். அங்கே செய்தி வெளியிலிருந்து வந்தது, இராகம் நம்முடையது. பைலாவில் தாளம் வெளியிலிருந்து வந்தது, பேச்சு நம்முடையது.

பாட்டு சமாதானம் கொண்டுவரும் என்று நான் சொல்லவில்லை. 1983ஐ எந்தப் பைலாவும் தடுக்கவில்லை. இரண்டு மொழிக்காரரும் ஒரே தாளத்துக்கு ஆடிய காலம் ஒன்று இருந்ததற்கு இது சாட்சி. அந்தச் சாட்சியை வெட்கப்பட்டு மறைத்தால் நம் வரலாற்றில்தான் ஒரு பக்கம் குறையும்.

மறதி நோய் வந்த முதியவர்களில் சிலர் பிள்ளைகளின் பெயரை மறந்த பிறகும் பழைய பாட்டுக்கு விரலால் தாளம் போடுவார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இளமையில் என்ன பாடினார்கள், எங்கே, யாரோடு பாடினார்கள் என்று கேளுங்கள். கீர்த்தனையோ பைலாவோ, கேட்டதை எழுதி வையுங்கள்.

இனி உங்கள் கேள்விகள்.