குழந்தைக்கு குடலிறக்கம்: வீக்கம் உள்ளே போகலைன்னா என்ன செய்யணும்?

“அழுதா வீங்குது, தூங்கினா காணாம போயிடுது.” குழந்தையின் தொடை இடுக்கில் தெரியும் வீக்கத்தைப் பற்றிப் பெற்றோர் பலர் டாக்டரிடம் இப்படித்தான் சொல்கிறார்கள். ஹெர்னியா எனப்படும் குடலிறக்கம்தான் இதற்கு முக்கியக் காரணம். வந்து வந்து மறையும் வரை பதற வேண்டியதில்லை. உள்ளே போகாமல் நின்றுவிட்டால், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஏன் வருது?

கருவில் ஆண் குழந்தையின் விதைகள் வயிற்றிலிருந்து விதைப்பைக்கு இறங்கும். அந்தப் பாதை பிறகு மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குடல் அதன் வழியே இறங்கிவிடும். நிறைமாதத்தில் பிறந்த 100 குழந்தைகளில் 1 முதல் 5 பேருக்கு இது வரலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். பெண் குழந்தைகளுக்கும் வரலாம். அவர்களுக்கு சினைப்பைகூட இறங்கிச் சிக்கிக்கொள்ளும்.

எப்போ ஆபத்து?

முதல் ஒரு வயதுக்குள் குடல் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். கவனிக்க வேண்டியவை:

• வீக்கம் கெட்டியாகி, தொட்டாலே குழந்தை அழுவது
• பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு உப்புவது
• வீக்கத்தின் மேல் தோல் சிவப்பது, காய்ச்சல்
• மலத்தில் ரத்தம்

சிக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றால் அது அழுகிவிடும். ஆண் குழந்தைகளுக்கு விதையும் பாதிக்கப்படலாம்.

உடனே என்ன செய்யணும்?

டாக்டர் பார்க்கும் வரை பால், தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து தர வயிறு காலியாக இருக்க வேண்டும். எண்ணெய் தடவி அழுத்துவது, காசு வைத்துக் கட்டுவது எல்லாம் வேண்டாம்.

வளவனூர், விழுப்புரம் - புதுச்சேரி சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் போனால் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மறுபக்கம், குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறை உள்ள புதுச்சேரி ஜிப்மர். எங்கே போவது என்று யோசித்தே நேரத்தை இழக்க வேண்டாம். 108-ஐ அழைத்தால் போதும்.

சிகிச்சை எப்படி?

குடல் அழுகியதற்கான அறிகுறி இல்லையென்றால், வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து, டாக்டரே கையால் மெதுவாக உள்ளே தள்ளுவார். பிறகு வீக்கம் வற்ற ஓரிரு நாள் விட்டு ஆபரேஷன் நடக்கும். தள்ள முடியாவிட்டால் உடனடி ஆபரேஷன்தான். அப்போது குடலின் நிறத்தைப் பார்ப்பார்கள். வெதுவெதுப்பான சலைன் துணியால் மூடி வைத்து, பழைய நிறம் திரும்பினால் வயிற்றுக்குள் விடுவார்கள். திரும்பாவிட்டால் கெட்ட பகுதியை வெட்டி, நல்ல முனைகளை இணைப்பார்கள். கடைசியாக, மூடாத பாதையைக் கட்டி அடைப்பார்கள். பெரியவர்களுக்கு வைப்பதுபோல வலை தேவைப்படாது.

வளர்ந்தா சரியாயிடுமா?

தொடை இடுக்கு குடலிறக்கம் தானாகச் சரியாகாது. தொப்புள் வீக்கம் பெரும்பாலும் சில ஆண்டுகளில் மறைவதால்தான் இந்தக் குழப்பம். வீக்கம் மறைந்த பிறகும் டாக்டரிடம் காட்டி, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிடுங்கள். வீக்கம் தெரியும்போது போனில் ஒரு படம் எடுத்து வைத்துக் காட்டினால், டாக்டருக்கும் உதவியாக இருக்கும்.