வீக்கமும் தசையும்: திருகோணமலைத் துறைமுகமும் பெரிபெரி நோயும்

உடல் நிறை கூடுவதை உடல் தேறுவதன் அடையாளமாகக் கொள்வது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணமாகும். நோயிலிருந்து எழுந்தவர் சற்றுப் பருத்துக் காணப்படின் சுற்றத்தார் மகிழ்வர். மெலிந்து காணப்படின் கவலையுறுவர். ஆயின், கூடிய நிறை எத்தன்மையது என்ற வினாவைப் பலர் எழுப்புவதில்லை. தசையும் கொழுப்பும் நிறையைக் கூட்டுவதுபோல, உடலிலே தேங்கும் நீரும் நிறையைக் கூட்டும். மரக்கறி உணவை, சிறப்பாக அரிசியை, முதன்மையாகக் கொண்ட மக்களிடையே இவ்வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேறுபாடாக இருந்தமையை வரலாறு காட்டுகின்றது. அவ்வரலாற்றின் தொடக்க ஏடுகளுள் ஒன்று திருகோணமலைத் துறைமுகத்தோடு தொடர்புடையது என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

கீழைக் கடலில் ஆதிக்கம் நாடிய ஐரோப்பியர் யாவரும் திருகோணமலையின் இயற்கைத் துறைமுகத்தை விரும்பினர். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, 1624ஆம் ஆண்டில் அங்குக் கோட்டை கட்டினர். 1639இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782 ஜனவரியில் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சவ்ரன் என்னும் தளபதியின்கீழ் வந்த பிரான்சியர் அதனைக் கவர்ந்தனர். சமாதானத்தின்பின் ஒல்லாந்தருக்கு மீண்ட கோட்டை, 1795 ஆகஸ்டில் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இப்போர்களின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பீரங்கிகளையும் தளபதிகளையும் பெரிதும் பேசுகின்றன. கப்பல்களிலும் கோட்டைகளிலும் வாழ்ந்தோரை வாட்டிய உணவுக் குறையை அவை அத்துணை விரிவாகப் பேசுவதில்லை.

எனினும் அக்குறை போரின் போக்கையே மாற்றவல்லதாக இருந்தது. 1783 ஜூனில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட சவ்ரனின் கப்பற்படையைக் கடலூருக்கு அப்பால் எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலத் தளபதி ஹியூஸ், தம் மாலுமிகளுட் பெருந்தொகையினர் ஸ்கேவி நோயால் வீழ்ந்தமையால் சென்னைக்குப் பின்வாங்க நேர்ந்தது. ஸ்கேவி என்பது புதிய காய்கனிகள் இன்மையால் முரசு வீங்கி, இரத்தம் கசிந்து, உடல் சோரும் நோயாகும். தோடம்பழமும் எலுமிச்சையும் அதனைக் குணப்படுத்தும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை வைத்தியர் 1747ஆம் ஆண்டிலேயே கப்பலிற் பரிசோதித்து அறிந்திருந்தார். ஆயினும் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றைத் தன் மாலுமிகளுக்கு ஒழுங்காக வழங்க முற்பட்டது 1795ஆம் ஆண்டளவிலேயே. திருகோணமலை இறுதியாக ஆங்கிலேயர் கைப்பட்டதும் அதே ஆண்டிலாகும்.

இரண்டாண்டுகளின் பின், 1797இல், தோமஸ் கிறிஸ்ரி என்னும் ஸ்கொட்லாந்து வைத்தியர் படைப்பிரிவொன்றின் வைத்தியராகத் திருகோணமலைக்கு வந்தார். 1800இல் அவர் இலங்கையின் இராணுவ வைத்தியசாலைகளுக்கு மேற்பார்வையாளராக உயர்ந்தார். 1810ஆம் ஆண்டுவரை இத்தீவிலே பணியாற்றினார். பெரியம்மைக்கு எதிராக அம்மைப்பால் குத்தும் முறையை இங்குப் பரப்பியவர் என்ற வகையிலேயே அவர் பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றார். ஆனால், அவர் கண்ட மற்றொரு நோய் பெரிபெரி ஆகும்.

'பெரிபெரி' என்ற பெயர், 'இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பு எனப் பலர் கூறுவர். பத்தாவியாவில் வாழ்ந்த ஒல்லாந்த வைத்தியர் பொன்ரியஸ், 1642இல் வெளிவந்த தம் நூலில், நோயாளியின் நடை ஆட்டின் நடையை ஒத்திருப்பதால் அப்பெயர் வந்தது என்றார். இந்நோய் இருவகையாகத் தோன்றும். ஒரு வகையில் கால்கள் மரத்துத் தசை வற்றி, நோயாளி நடக்கவியலாது மெலிவார். மறு வகையில் கால்கள் வீங்கும், வீக்கம் மேலேறும், மூச்சு முட்டும், இருதயம் தளரும். பின்னைய வகையினரின் உடல் நாளுக்கு நாள் பாரம் கூடிச் செல்லும். ஆனால், அப்பாரம் நீரின் பாரமே. அதனடியில் தசையும் நரம்பும் பட்டினி கிடக்கும். ஆங்கிலேயப் படையோடு இலங்கைக்கு வந்த இராபட் பேர்சிவல், 1803இல் வெளியிட்ட நூலில், உடலைப் பெரிதும் வீங்கச் செய்து விரைவிற் கொல்லும் இந்நோய்க்குத் தாழ்ந்த உணவையும் தீய நீரையும் காரணமாகக் காட்டினார்.

கிறிஸ்ரி இதற்கு ஒரு படி அப்பாற் சென்றார். கல்கத்தாவில் 1804இல் வெளிவந்த ஹன்ரர் என்ற வைத்தியரின் நூலில் அவருடைய கருத்துக்கள் இடம்பெற்றன. ஸ்கேவியைப் போன்றே பெரிபெரியும் நல்லுணவு இன்மையால் வருவது என அவர் கருதினார். ஆயின், ஸ்கேவியைத் தீர்க்கும் புளிப்புக் கனிகள் பெரிபெரியைத் தீர்க்கவில்லை. ஆகவே இவ்விரு நோய்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏதோ நுண்ணிய இரசாயனச் சேர்க்கையின்பாற்பட்டதாதல் வேண்டும் என அவர் ஊகித்தார். உணவின் குறை ஒன்றன்று, பல. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பொருள் வேண்டும் என்ற உண்மையின் வித்து இவ்வூகத்தில் அடங்கியிருந்தது. உயிர்ச்சத்து என்னும் சொல்லே பிறவாத காலத்தில் கூறப்பட்ட இக்கருத்து நூறு ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இடைப்பட்ட காலத்தில் நோய் பெருகிற்று. 1882இன் இறுதியிற் புறப்பட்ட 'ரியூஜோ' என்ற யப்பானியப் போர்க்கப்பலில், 376 பேருள் 169 பேர் நோயுற்று, 25 பேர் மாண்டனர். கடற்படை வைத்தியரான தகாக்கி கனேஹிரோ 1884இல் மற்றொரு கப்பலை அதே வழியில், இறைச்சியும் பாலும் வாற்கோதுமையும் சேர்ந்த உணவோடு அனுப்பினார். நோயுற்றோர் 14 பேர் மட்டுமே, அவருள் எவரும் இறக்கவில்லை. புரதக் குறையே காரணம் என அவர் கொண்ட முடிபு தவறு; ஆனால், அவர் செய்த மாற்றம் சரியாயிருந்தது. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில், பத்தாவியாவில் எயிக்மன் என்பவர் வைத்தியசாலையின் தீட்டிய அரிசிச் சோற்றை உண்ட கோழிகள் கால் விளங்காது வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசியால் மீள்வதையும் கண்டார். அவர் வழியில் 1897இல் வெளியான யாவாச் சிறைச்சாலை ஆய்வு, தீட்டிய அரிசி உண்ட கைதிகளில் ஏறத்தாழ 39 பேருக்கு ஒருவர் நோயுற, தவிட்டரிசி உண்டோரிற் பத்தாயிரம் பேருக்கு ஒருவரே நோயுற்றனர் எனக் காட்டிற்று.

இவ்விடத்தே தமிழரின் உணவு வழக்கம் உலக மருத்துவ வரலாற்றினுள் நுழைகின்றது. மலாயாவின் சுரங்கங்களில் உழைத்த சீனர் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மடிய, அதே நாட்டில் தோட்டங்களில் உழைத்த தமிழர் பெரும்பாலும் தப்பியிருந்தனர். தமிழரின் வறுமை குறைந்ததன்று; அவர்தம் உணவும் பெரிதும் சோறும் சிறிது கறியுமே. வேறுபாடு அரிசியில் இருந்தது. சீனர் சீயத்திலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்டனர். தமிழரோ புழுங்கலரிசியை உண்டனர். இதனை பிரடன் என்ற வைத்தியர் 1907இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் பிளெச்சர் நிகழ்த்திய சோதனையில், பச்சரிசி உண்ட 120 பேரிற் காற்பங்குக்கு மேற்பட்டோர் நோயுற்று 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோயால் இறந்தவர் எவருமிலர். இந்தியாவிலும், பெரிபெரி நிலைகொண்டிருந்த வட சர்க்கார்க் கடற்கரை, தீட்டிய பச்சரிசி உண்ணும் பகுதியாகவே இருந்தது.

புழுங்கலரிசி காத்தது எங்ஙனம்? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமியை அடுத்த தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து நீரிற் கரைந்து, அரிசியின் உட்பகுதிக்குட் செல்கின்றது. பின்னர் ஆலையிலே தீட்டினும் அதன் ஒரு பங்கு அரிசியிலேயே தங்கிவிடுகின்றது. பச்சை நெல்லைத் தீட்டும்போதோ அது தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடுகின்றது. நாளொன்றுக்கு மனிதருக்கு வேண்டிய அளவு 1 மில்லிகிராமை ஒட்டியதே. எனினும் உடல் அதனைச் சில வாரங்களுக்கு மேற் சேமித்து வைக்கமாட்டாது. மாப்பொருளைச் சக்தியாக மாற்றுவதற்கு அது இன்றியமையாதது. ஆகவே வெறுஞ் சோற்றை மிகுதியாக உண்பவருக்கு அதன் தேவையும் மிகும். வயிறு நிறைய நிறையக் குறை வளரும் விந்தை இதுவே.

இதனைக் கொண்டு, நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்தே நெல்லைப் புழுக்கினர் எனப் பெருமை பேசுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. புழுக்கிய நெல் குற்றும்போது குறைவாக நொறுங்கும், நெடுநாள் கெடாதிருக்கும், சோறு குழையாது. இவையே அவர் அறிந்த பயன்கள். கந்தளாய்க் குளத்து நீரால் விளைந்த தம்பலகாமத்து நெல்லை உரலிலிட்டுக் குற்றிய பெண்கள், தவிட்டை முற்றாக நீக்கவல்ல பொறியைப் பெற்றிருக்கவில்லை. அப்பொறி இல்லாமையும் ஒரு காவலாய் அமைந்தது. வழக்கத்தின் பயனை வழக்கத்திற்குரியோர் அறியாதிருத்தல் அவ்வழக்கத்தைச் சிறுமைப்படுத்தாது. ஆனால், அறியாத பயனை எளிதில் இழந்துவிடலாம் என்பதையும் மறத்தலாகாது. வெள்ளை அரிசியை நாகரிகத்தின் சின்னமாகக் கருதிய தலைமுறைகள் அவ்விழப்பைத் தாமே தேடிக்கொண்டன.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. பெரிபெரி பெரும்பாலும் தம் உணவைத் தாமே தேர்ந்துகொள்ள இயலாதோரையே தாக்கியது. படைவீரர், மாலுமிகள், கைதிகள், சுரங்கக் கூலிகள், மனநோயாளர் ஆகியோர் பிறர் அளந்து கொடுத்ததை உண்டவர்கள். அளந்தவர்கள் அரிசியின் நிறையை அளந்தனரேயன்றி, அதன் சத்தை அளக்கவில்லை. அறிவின் பொருட்டு நடந்த சோதனைகளும் அவர்கள் உடலிலேயே நடந்தன. 1912இல் பங்க் என்ற அறிஞர் 'விற்றமின்' என்ற பெயரை இட்டார். 1926இல் தயமின் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1929இல் எயிக்மன் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். கோலாலம்பூரில் இறந்த 18 பேரின் பெயர்களையோ, திருகோணமலையில் வீங்கி மடிந்த சிப்பாய்களின் பெயர்களையோ பாடநூல்கள் கூறுவதில்லை.

இவ்வரலாற்றின் பயன் கடந்த காலத்தோடு முடிவதன்று. வீங்கிய பெரிபெரி நோயாளிக்குத் தயமின் கொடுக்கப்பட்டதும் முதலில் நிகழ்வது நிறை குறைதலாகும். சில நாட்களிலே தேங்கிய நீர் வெளியேறிவிடும். அதன் பின்னரே தசை மெல்லத் தேறும். நலத்தின் முதற்படி நிறையிழப்பாகவும், இரண்டாம் படி நிறையேற்றமாகவும் அமைவதால், தராசின் முள்ளை மட்டும் நோக்குவோர் இரண்டையும் பிழையாகவே விளங்கிக்கொள்வர். இருதயமும் சிறுநீரகமும் தளர்ந்த நோயாளரை நாள்தோறும் நிறுத்துப் பார்க்குமாறு இன்றைய வைத்தியர் பணிப்பதும், சில நாட்களில் ஏறும் நிறை நீராக இருக்கக்கூடும் என்பதனாலேயே. நோயிடை மரக்கறி உணவு கொண்டு உடலைப் பேண விழைவோருக்கும் இது பொருந்தும். சோற்றின் அளவைக் கூட்டுவதால் நிறை கூடலாம்; பயறு, உழுந்து, கீரை, தவிடு நீங்காத தானியம் ஆகியன சேராவிடின் நலம் கூடாது. தாவர உணவு தராத பி12 போன்ற சத்தைப் பாலிலிருந்தோ மருந்திலிருந்தோ பெறவும் வேண்டும்.

உடலின் நிறை ஒரு விடையன்று. அது ஒரு வினா. திருகோணமலைத் துறைமுகத்துக்கு 1797இல் வந்த வைத்தியர் ஒருவர் அவ்வினாவைச் சரியாகக் கேட்டார். விடை அக்கரையின் சமையற்கட்டுகளில், அவித்த நெல்லின் ஆவியில் இருந்தது. வைத்தியசாலைக்கும் அடுக்களைக்கும் இடையிலிருந்த அந்தச் சிறு தூரத்தைக் கடக்க மருத்துவ உலகிற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.