கிளையின் முகவரி: பதிப்பெண்ணிலிருந்து கோப்புறை வரை

ஒரே மூலநிரலைப் பல கிளைகளில் ஒரே நேரத்தில் வளர்ப்பது என்றதும் இன்றைய நிரலர்களுக்கு நினைவு வருவது கிட். வெர்ஷன் கன்ட்ரோலின் வரலாறும் கிட் வந்து எல்லாச் சிக்கலையும் தீர்த்துவைத்த கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு கருவியும் கிளையை எங்கே வைத்தது என்று தேடிப் போனால் கதை அவ்வளவு நேராக இல்லை. கிளைக்கு ஒரு முகவரி, பிரிந்தவை எப்போது சேர்ந்தன என்ற நினைவு, உட்கார்ந்து வேலை செய்ய ஒரு மேசை என மூன்று தேவைகள் இருந்தன. அவை தனித்தனிக் காலங்களில், தனித்தனி ஆட்களால் தீர்ந்தன. கிட்டில் மேசைதான் கடைசியாக வந்து சேர்ந்தது.

1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ்., ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளையும் ஒன்றாகப் பின்னி வைத்தது. எந்த வரி எந்தப் பதிப்பில் நுழைந்தது, எதில் நீங்கியது என்ற குறிப்பு உள்ளேயே இருந்ததால், ஒருமுறை மேலிருந்து கீழே படித்தால் வேண்டிய பதிப்பை எடுத்துவிடலாம். பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி 1980களின் தொடக்கத்தில் எழுதிய ஆர்.சி.எஸ். வேறு கணக்குப் போட்டது. எல்லோரும் கேட்பது கடைசிப் பதிப்பைத்தானே? அதை முழுதாக வைத்துக்கொண்டு, பழையவற்றைப் பின்னோக்கிய வித்தியாசங்களாக மட்டும் சேமித்தது.

கிளைக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1.2 என்ற பதிப்பிலிருந்து பிரிந்த கிளையின் முதல் பதிப்புக்கு 1.2.1.1 என்று எண். அதை எடுக்க, தண்டின் நுனியிலிருந்து 1.2 வரை பின்னால் இறங்கி, அங்கிருந்து கிளையில் முன்னால் ஏற வேண்டும். கிளை என்பது அபூர்வமாக வருவது என்ற எண்ணம் சேமிப்பு முறையிலேயே பதிந்திருந்தது. பூட்டும் அதே மனநிலையின் பிள்ளை. திருத்துவதற்காக ஒருவர் பூட்டி எடுத்த பதிப்பின்மேல், அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் எதுவும் சேர்க்க முடியாது. பூட்டிவிட்டு விடுப்பில் போனவரைத் தேடாத அலுவலகம் அக்காலத்தில் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

பூட்டைக் கழற்றியது கொள்கை அல்ல, நேரப்பொருத்தமின்மை. ஆம்ஸ்டர்டாம் வ்ரை பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூன் 1984–85இல் இரண்டு மாணவர்களோடு ஒரு சி கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் அலுவலக நேரப்படி வேலை செய்தார், இன்னொருவருக்கு நேரம் காலம் கிடையாது, க்ரூனுக்கோ மாலையில்தான் ஒழிந்தது. யார் யாருக்காகக் காத்திருப்பது? ஆர்.சி.எஸ்.ஸின் மேல் சில ஷெல் ஸ்கிரிப்டுகளைக் கட்டி, அவரவர் நகலில் அவரவர் திருத்திப் பிறகு சேர்த்துக்கொள்ள வழிசெய்தார். 1986இல் பொதுவில் வெளியான அதுதான் சி.வி.எஸ். 1989இல் பிரையன் பெர்லினர் அதைச் சி மொழியில் மாற்றி எழுதினார். ஒரே வரியில் இருவர் கைவைத்திருந்தால் மட்டும் கருவி இரு வடிவங்களையும் குறியிட்டுக் காட்டி, முடிவை மனிதரிடம் விட்டுவிடும்.

ஆனால் சி.வி.எஸ்.ஸுக்கு நினைவு கிடையாது. கிளையைத் தண்டோடு ஒருமுறை சேர்த்துவிட்டு அடுத்த மாதம் மீண்டும் சேர்த்தால், பழைய மாற்றங்களையும் புதிதுபோல் கொண்டுவந்து மோதவிடும். அதைத் தவிர்க்க, எதுவரை சேர்த்தோம் என்று கையால் ஒரு டேக் போட்டு வைக்க வேண்டும். 2004 பிப்ரவரியில் 1.0 கண்ட சப்வெர்ஷன், கிளையை ஒரு கோப்புறையின் மலிவான நகலாக்கியது. முகவரிச் சிக்கல் அழகாகத் தீர்ந்தது, மறதி அப்படியே தொடர்ந்தது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை சேர்த்தோம் என்பதைக் கமிட் குறிப்பில் எழுதி வைப்பதே அன்றைய நல்ல பழக்கம். சேர்த்ததைக் கருவியே நினைவில் வைக்கும் வசதி 2008 ஜூனில் 1.5 பதிப்போடுதான் வந்தது. தாமதம் என்பதைவிட, கிளையை உண்டாக்குவதுதான் கடினம், சேர்ப்பது சில்லறை வேலை என்ற தப்புக்கணக்கு என்றே இதைச் சொல்வேன்.

இதற்குள் லினக்ஸ் கெர்னல் வேறு பாதையில் போயிருந்தது. 2002 முதல் அது லாரி மெக்வாயின் பிட்கீப்பரில் வளர்ந்தது. இலவசப் பயன்பாடு 2005இல் நின்றதும், லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3ஆம் தேதி கிட்டைத் தொடங்கினார். ஏப்ரல் 7 முதல் கிட்டின் மூலநிரலே கிட்டில் இருந்தது. அதன் ஒவ்வொரு கமிட்டும் தன் பெற்றோர் யார் என்பதைச் சுமந்துவரும், இணைப்புக் கமிட்டுக்கு இரண்டு பெற்றோர் அல்லது அதற்கு மேல். சேர்த்த வரலாற்றைத் தனியே குறித்துவைக்கத் தேவையே இல்லை. மரத்தின் கிளை திரும்ப அடிமரத்தில் ஒட்டுவதில்லை, இங்கே ஒட்டுகிறது. வம்சாவளி என்ற சொல்தான் இதற்குப் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் கிளை என்றே பழகிவிட்டோம்.

அந்தக் கிளை எவ்வளவு பெரியது? புதிதாக ஒன்றை உண்டாக்கிவிட்டு, மறைந்திருக்கும் கிட் கோப்புறைக்குள் கிளையின் பெயரில் இருக்கும் கோப்பைத் திறந்தால், வழக்கமான எஸ்.எச்.ஏ.-1 அமைப்பில் 40 எழுத்துகளும் ஒரு வரிமுடிவும் இருக்கும். மொத்தம் 41 பைட். நூறு கிளைகள் வைத்துக்கொண்டாலும் யாருக்கும் பாரமில்லை.

முகவரியும் நினைவும் கிடைத்துவிட்டன, மேசை மட்டும் ஒன்றே ஒன்று. பிட்கீப்பரில் கிளை வேண்டுமானால் களஞ்சியத்தையே நகலெடுப்பார்கள், ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் தனிக் கோப்புறை தானாக அமைந்தது. கிட்டில் கிளை மாறினால் அதே கோப்புறையின் உள்ளடக்கம் மாறும். பாதி வேலையில் இருக்கும்போது அவசரத் திருத்தம் ஒன்று வந்தால், செய்ததைச் சுருட்டி ஸ்டாஷில் போட்டுவிட்டுப் போக வேண்டும். இந்தக் கட்டளை 2007இல் வந்தது. அப்படிச் சுருட்டிய ஒரு நாள் வேலையை வேறொரு கிளையில் கொட்டிவிட்டு விழித்தவன் நான், எனவே இதில் நடுநிலை வகிக்கப்போவதில்லை.

2015 ஜூலையில் வெளிவந்த கிட் 2.5 வொர்க்ட்ரீயைத் தந்தது. பெரும்பகுதி வியட்நாமிய நிரலர் நுயென் தாய் ஙோக் துய்யின் உழைப்பு. ஒரே களஞ்சியம், பல கோப்புறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கிளை. புதிய கோப்புறைக்குள் கிட் என்ற பெயரில் இருப்பது கோப்புறை அல்ல, தாய்க் களஞ்சியத்தின் பாதையைச் சொல்லும் ஒற்றை வரிக் கோப்பு. ஒரே கிளையை இரண்டு கோப்புறைகளில் திறக்கக் கேட்டால் கிட் வழக்கமாக மறுத்துவிடும். ஓரிடத்தில் கமிட் செய்ததும் இன்னொன்றில் இருப்பவரின் காலடியில் தரை நகர்ந்துவிடும் என்பதே காரணம். வேண்டாத வொர்க்ட்ரீயை ஒழுங்காக நீக்கும் கட்டளைக்கு 2018 ஏப்ரல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அண்மையில் இதன் மவுசு கூடியிருப்பதற்கு ஏ.ஐ. ஏஜெண்டுகள் காரணம். ஒரே களஞ்சியத்தில் நாலைந்து ஏஜெண்டுகளை ஏவிவிடுபவர்கள் ஆளுக்கொரு வொர்க்ட்ரீ கொடுத்துவிடுகிறார்கள், க்ரூனின் மாணவர்களுக்கு ஆளுக்கொரு நகல் கிடைத்ததுபோல. ஆனால் வொர்க்ட்ரீ பிரித்துத் தருவது கிட் கவனிக்கும் கோப்புகளை மட்டுமே. கடவுச்சொற்கள் இருக்கும் அமைப்புக் கோப்பு புதிய கோப்புறைக்கு வராது, சார்பு நூலகங்களை மறுபடி நிறுவ வேண்டும். எல்லாம் முடித்து இரண்டாவது கோப்புறையில் சர்வரை ஓடவிட்டால், 3000ஆம் போர்ட்டில் முதல் கிளையின் சர்வர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். டேட்டாபேஸும் இரண்டுக்கும் ஒன்றேதான்.