பீனைல்கீட்டோனூரியா

பீனைல்கீட்டோனூரியா என்பது பீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை உடல் உரிய முறையில் மாற்ற இயலாமல் போகும் ஒரு மரபுவழிக் குறைபாடு ஆகும். இக்குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தை பிறப்பின்போது இயல்பாகவே காணப்படும். சிகிச்சை அளிக்கப்படாவிடில் சில மாதங்களில் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டுக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு ஏற்படுகிறது. பிறந்த சில நாட்களில் கண்டறிந்து உணவைக் கட்டுப்படுத்தினால், அதே குழந்தை ஏனைய குழந்தைகளைப் போல வளர இயலும். மனித வளர்ச்சியில் மரபணுவும் சூழலும் இணைந்து செயற்படுவதற்கு இந்நோய் ஒரு முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

காரணம்

பால், முட்டை, இறைச்சி, மீன், பருப்பு முதலிய புரத உணவுகளில் பீனைல்அலனின் உள்ளது. தாய்ப்பாலிலும் இது உண்டு. மனித உடலால் இதனை உருவாக்க இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். உண்ட பீனைல்அலனினின் ஒரு பகுதி உடற்புரதங்களை ஆக்கப் பயன்படுகிறது. எஞ்சியதைக் கல்லீரலிலுள்ள பீனைல்அலனின் ஐதராக்சிலேசு என்னும் நொதி டைரோசின் என்னும் மற்றொரு அமினோ அமிலமாக மாற்றுகிறது.

இந்நொதிக்குரிய மரபணு 12ஆம் குரோமோசோமில் அமைந்துள்ளது. இம்மரபணுவில் 1,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் சில நொதியை முற்றிலும் செயலிழக்கச் செய்கின்றன. வேறு சில அதன் செயற்பாட்டை ஓரளவு குறைக்கின்றன. ஆகவே நோயின் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

இந்நோய் ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறுபட்ட மரபணுவைப் பெற்ற குழந்தைக்கே நோய் உண்டாகும். ஒன்றை மட்டும் கொண்ட பெற்றோருக்கு நோய் இராது. பெரும்பாலும் அதனை அவர்கள் அறிந்திருப்பதும் இல்லை. பெற்றோர் இருவரும் இத்தகையவராயின், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவினருக்கிடையே நடைபெறும் திருமணங்களில் இவ்வாய்ப்பு கூடுகிறது.

ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளுக்கு ஒன்று என்னும் அளவில் இந்நோய் காணப்படுகிறது. அயர்லாந்து, துருக்கி ஆகிய நாடுகளில் இது மிகுதி. பின்லாந்து, சப்பான் ஆகிய நாடுகளில் மிகவும் குறைவு.

அறிகுறிகள்

கருப்பையில் இருக்கும்போது குழந்தையின் உடலிலுள்ள மிகையான பீனைல்அலனின் நச்சுக்கொடி வழியாகத் தாயின் குருதியை அடைகிறது. தாயின் கல்லீரல் அதனை மாற்றிவிடுவதால் கரு பாதுகாக்கப்படுகிறது. குழந்தை பிறந்து பாலருந்தத் தொடங்கியபின் குருதியில் இவ்வமிலத்தின் அளவு உயர்கிறது. இயல்பானவர்களிடம் இது லிட்டருக்கு 120 மைக்ரோமோலுக்குக் குறைவாக இருக்கும். கடுமையான வகை நோயில் சிகிச்சை இல்லாதபோது 1,200ஐத் தாண்டும்.

குருதியில் மிகுந்த பீனைல்அலனின் பிற அமினோ அமிலங்கள் மூளைக்குள் செல்வதைத் தடுக்கிறது. நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறை உருவாவதும் பாதிக்கப்படுகிறது. மூளை விரைந்து வளரும் பருவம் இதுவாதலால் இழப்பு நிலையானதாகிறது. வளர்ச்சித் தாமதம், வலிப்பு, சிறிய தலை, தோலழற்சி ஆகியன ஏனைய அறிகுறிகள். நிறமியான மெலனின் டைரோசினிலிருந்து உருவாவதால், தோலும் முடியும் உடன்பிறந்தாரினதை விட வெளிறியிருக்கலாம். சிறுநீரில் ஒருவகைப் பூஞ்சை நாற்றம் வீசும்.

வரலாறு

1934இல் நோர்வே நாட்டு மருத்துவரும் வேதியியலாளருமான அசுபியோர்ன் ஃபோலிங்கிடம், அறிவுவளர்ச்சி குன்றிய தம் இரு குழந்தைகளை ஒரு தாய் அழைத்து வந்தார். குழந்தைகளிடம் வீசிய விந்தையான நாற்றத்துக்கும் அவர்களது நிலைக்கும் தொடர்பு உண்டா என்பது அவரது வினா. ஃபோலிங் சிறுநீரில் பெரிக் குளோரைடைச் சேர்த்தபோது அது பச்சை நிறமாக மாறியது. நிறமாற்றத்துக்குக் காரணமான பொருள் பீனைல்பைருவிக் அமிலம் என அவர் கண்டறிந்தார். பின்னர் காப்பகங்களில் இருந்தோரைச் சோதித்து மேலும் எட்டுப் பேரிடம் இதே நிலையைக் கண்டார். 1947இல் அமெரிக்காவின் சார்ச் செர்விசு, நோயாளிகளின் உடல் பீனைல்அலனினை டைரோசினாக மாற்றுவதில்லை எனக் காட்டினார்.

1951இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஓர்சுட் பிக்கலும் அவருடைய குழுவினரும் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பீனைல்அலனின் குறைந்த உணவைத் தரத் தொடங்கினர். அவளால் அப்போது நிற்கவோ நடக்கவோ பேசவோ இயலவில்லை. சில மாதங்களில் அவள் தவழவும் நிற்கவும் கற்றாள். முன்னேற்றத்துக்கு உணவுதான் காரணமா என உறுதிசெய்ய, தாய்க்குத் தெரிவிக்காமல் உணவில் மீண்டும் பீனைல்அலனின் சேர்க்கப்பட்டது. சில நாட்களிலேயே அவள் கற்றவற்றை இழக்கத் தொடங்கினாள். உணவே காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. 1953இல் இம்முடிவுகள் வெளியிடப்பட்டன. எனினும் அதற்கு முன்பே ஏற்பட்டுவிட்ட மூளைச் சேதத்தை உணவால் முழுமையாகச் சரிசெய்ய இயலவில்லை.

பிறந்த குழந்தைகளுக்கான சோதனை

சிகிச்சை பயன்தர வேண்டுமாயின் அறிகுறிகள் தோன்றுமுன்பே நோயைக் கண்டறிதல் வேண்டும். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் இராபர்ட் கத்ரி இதற்கு வழிகண்டார். குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில துளிக் குருதியை வடிதாளில் உலர்த்தி, பாக்டீரியா வளர்ப்பின் மீது வைக்கும் முறை இது. பீனைல்அலனின் மிகுந்திருந்தால் தாள் துண்டைச் சுற்றிப் பாக்டீரியா செழித்து வளரும். மாசச்சூசெட்சு மாநிலம் 1963இல் இச்சோதனையைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. 1990கள் முதல் நிறை நிறமாலைமானி இதன் இடத்தைப் பிடித்துவருகிறது. உலர்ந்த குருதித் துளியைச் சேகரிக்கும் முறை மட்டும் மாறவில்லை.

சிகிச்சை

பீனைல்அலனினை உணவிலிருந்து முற்றிலும் நீக்குதல் கூடாது. உடல் வளர்ச்சிக்கு அது இன்றியமையாதது. குழந்தைகளுக்கு அது நீக்கப்பட்ட சிறப்புப் பால்மாவும், அளந்த அளவு தாய்ப்பாலும் தரப்படுகின்றன. பின்னர் அளவிட்ட காய்கறி, பழம், தானியங்கள் சேர்க்கப்படுகின்றன. குழந்தைப் பருவத்தில் குருதியளவை 120 முதல் 360 மைக்ரோமோல் வரை வைத்திருத்தல் நோக்கமாகும். முற்காலத்தில் சிறுவயதிலேயே கட்டுப்பாடு கைவிடப்பட்டது. அவ்வாறு விட்டவர்களிடம் கவனக்குறைவு, மனச்சோர்வு முதலியன காணப்பட்டதால், இப்போது வாழ்நாள் முழுவதும் தொடருமாறு அறிவுறுத்தப்படுகிறது.

சப்ரோப்டெரின் என்னும் மருந்து 2007இலும், பெரியவர்களுக்கான பெக்வாலியேசு 2018இலும் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டன. அசுபார்ட்டேம் என்னும் செயற்கை இனிப்பில் பீனைல்அலனின் இருப்பதால், அது கலந்த பானங்களின் மீது இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் இந்நோயாளிகளுக்கான எச்சரிக்கை அச்சிடப்படுகிறது.

தாயின் நோயும் கருவும்

சிகிச்சை பெற்று வளர்ந்த பெண்கள் தாய்மை அடைந்தபோது புதியதொரு சிக்கல் வெளிப்பட்டது. தாயின் குருதியில் பீனைல்அலனின் மிகுந்திருந்தால் அது நச்சுக்கொடியைக் கடந்து கருவில் இன்னும் கூடுதலாகச் சேர்கிறது. கரு நோய்க்குரிய மரபணு இணையைப் பெறாதிருப்பினும் பாதிப்பு நேர்கிறது. இலென்கி, இலெவி ஆகியோர் 1980இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், தாயின் அளவு ஏறத்தாழ 1,200க்கு மேலிருந்து சிகிச்சையும் பெறாதபோது 92 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் அறிவுத்திறன் குறைபாடும், 73 விழுக்காட்டினரிடம் சிறிய தலையும் காணப்பட்டன. பிறவி இதயக் குறைபாடுகளும் இருந்தன. கருவுறுமுன்பே உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கினால் இவற்றைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

மரபும் சூழலும்

முதல் நிலையில், நோய்க்குரிய மரபணு இருந்தும் தாயின் உடல் என்னும் சூழல் கருவைக் காக்கிறது. தாய்க்கு நோய் இருக்கும் நிலையில், கருவிடம் குறை இல்லாதபோதும் அதே சூழல் தீங்காகிறது. பீனைல்அலனின் மிக்க உணவு மட்டுமோ, மரபணு மாற்றம் மட்டுமோ தனித்து மூளையைப் பாதிப்பதில்லை. இரண்டும் சேரும்போதே பாதிப்பு உண்டாகிறது. ஆகவே ஒரு குழந்தையின் குறைபாட்டில் மரபின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு எனப் பிரித்துக் கூற இயலாது.

பெரும்பாலான மனிதப் பண்புகள் பல மரபணுக்களையும் பல சூழற் காரணிகளையும் சார்ந்தவை. எனவே இந்நோயில் கண்டதுபோல் ஒரே மாற்றத்தால் அவற்றைத் திருத்திவிட முடியும் என எதிர்பார்க்க இயலாது. எனினும் மரபுவழி வந்தது மாற்ற இயலாதது என்னும் கருத்து பொதுவிதியன்று என்பதை இந்நோயின் வரலாறு நிறுவியுள்ளது.