தூரத்து நீலம்

நான்கு வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். ஒரகடம் பக்கத்து ஏரிக்கரையைப் பற்றிய அவருடைய நீண்ட கவிதையை 'ப்ரூகலின் பாதிப்பு' என்று இரண்டே வார்த்தைகளில் தள்ளிவிட்டேன். உழுகிறவன், அவனுக்கு அப்பால் நீர், யாரும் கவனிக்காமல் நடந்துவிடும் ஒரு சாவு. ப்ரூகலின் இக்காரஸ் படத்தை வைத்து ஆடன் 1938இல் எழுதிய கவிதையை பி.ஏ.யில் படித்தவனுக்கு இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. அதற்குப் பிறகு நண்பர் எதையும் பிரசுரத்துக்கு அனுப்பவில்லை.

பாதிப்பு என்ற சொல்லை நாம் போலீஸ்காரனைப் போல உபயோகிக்கிறோம். எங்கிருந்து எடுத்தாய் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. எடுத்தது என்னவாயிற்று என்று கேட்பதில்லை. பிளெமிஷ் நிலக்காட்சி இந்தியாவுக்கு வந்த கதையை இப்போது இதற்காகத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆண்ட்வெர்ப் நகரில் பாட்டினிர் (1524இல் இறந்தவர்) நிலத்தை உயரத்திலிருந்து பார்த்து வரைந்தார். புனிதர் கதை என்று பெயர்; புனிதர் சுண்டுவிரல் அளவு, மற்றதெல்லாம் நிலம். அருகே பழுப்பு, நடுவில் பச்சை, தொலைவில் நீலம். ப்ரூகலே இந்தப் பார்வையை வாங்கிக்கொண்டவர்தான். மதிப்புரையில் இதை நான் சொல்லவில்லை. தெரியாமல் அல்ல.

அதே நகரத்தில் பிளாண்டின் அச்சகம் 1568க்கும் 1572க்கும் இடையில் பன்மொழி பைபிளை எட்டுத் தொகுதிகளாக அச்சிட்டது. 1580இல் கோவாவிலிருந்து ஃபதேபூர் சிக்ரிக்குப் போன யேசுசபைப் பாதிரிகள் அதை அக்பருக்குக் கொடுத்தார்கள். அதிலும், பின்னால் வந்தவற்றிலும் இருந்த செப்புத்தகட்டு அச்சுப்படங்களைப் பார்த்து அரண்மனை ஓவியர்கள் வரைந்தார்கள். அச்சுப்படத்தில் நிறம் கிடையாது. கோடுகள் மெலிவதையும் உருவங்கள் சிறுப்பதையும் வைத்துத் தொலைவை உணர்ந்து, நிறத்தை இவர்களே கொடுக்கவேண்டியிருந்தது. ஒன்றிரண்டு எண்ணெய் வர்ணப் படங்கள் உதவியிருக்கலாம். ஆனால் பாரசீக மரபில் அடிவானம் ஏற்கெனவே உயரத்தில்தான் இருந்தது. தொலைவில் இருப்பது மேலே இருக்கும், சிறுக்காது. இரண்டு உயர்ந்த அடிவானங்கள் சந்தித்துக்கொண்டன. அதனால்தான் மொகலாயப் படங்களில் பாறைகளுக்குப் பின்னே மங்கும் அந்த அன்னிய ஊர்கள் ஒட்டுப்போட்டதுபோல் உறுத்துவதில்லை. பசாவனின் திறமைகளில் பின்னணி வரைவதைத்தான் அபுல் ஃபசல் முதலில் சொல்கிறார்.

அந்த பைபிளின் முகப்புப் படம் ஒன்றில் சிங்கமும் ஆட்டுக்குட்டியும் சமாதானமாக இருக்கின்றன. சுமார் 1618இல் அபுல் ஹசன் வரைந்த படத்தில், நேரில் ஒருநாளும் சந்தித்திராத ஷா அப்பாஸை ஜஹாங்கீர் தழுவிக்கொள்கிறார். ஜஹாங்கீரின் காலடியில் சிங்கம், ஷாவின் காலடியில் ஆடு. சிங்கம் பாரசீக எல்லைக்குள்ளேயே படுத்துக்கொண்டு ஆட்டை ஓரத்துக்குத் தள்ளுகிறது. சமாதானத்தின் சின்னம் ஆக்கிரமிப்பின் சின்னமாகிவிட்டது. இதையும் பாதிப்பு என்றுதான் சொல்லவேண்டும்.

போன வருஷம் எனக்கு ஒரகடம் கிளைக்கு மாற்றலாயிற்று. சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தோண்டிப்போட்ட மண்ணின் பழுப்பு, சீமைக் கருவேலத்தின் பச்சை, அதற்கப்பால் வரிசையாக நீலம். பாட்டினிரின் அடுக்கு அப்படியே. இந்த நீலம் மட்டும் தூரத்தினால் வந்தது அல்ல. தொழிற்சாலைக் கூரைத் தகடுகளுக்கு அடித்த பெயிண்ட். கிட்டப் போனாலும் நீலமாகவே இருக்கிறது.

நண்பரின் கவிதையில் அந்த நீலத்திலிருந்துதான் ஆள் விழுகிறான், தகடு பொருத்த வந்த வடக்கத்திப் பையன். மதிப்புரையில் நான் அந்தக் கூரையைக் குறிப்பிடக்கூட இல்லை.