பெட்டியடியும் ஆலையும்

சிரம்பானில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தாரின் கிட்டங்கிகளில் ஆடம்பரம் எதுவும் இருந்ததில்லை. நீண்ட ஒரே கூடத்தில் பல விலாசங்கள். விலாசத்துக்கு ஒரு கைப்பெட்டி, ஒரு பாய், சில கணக்கேடுகள். செட்டிநாட்டிலிருந்து மூன்றாண்டுத் தவணையில் வந்த முகவரும் அடுத்தாளும் அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கினர். இத்தகைய பெட்டியடியில் பயின்ற கணக்கே பின்னாளில் தமிழகத்தின் பெருந்தொழில்கள் சிலவற்றுக்கு வித்தாயிற்று.

பள்ளத்தூரைச் சேர்ந்த ஏ. எம். முருகப்ப செட்டியார் பர்மாவின் மோல்மீனில் தொழில் பழகி, 1900இல் தனிக்கடை கண்டார். அத்தொழில் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கிளைத்தது.

நெகிரி செம்பிலானில் கடன் கொடுப்பது பர்மாவைப்போல் எளிதன்று. இங்கு மூதாதையர் நிலம் பெண்வழியில் இறங்குவது. 1909இன் மரபுரிமைச் சட்டம் அது குலத்தைவிட்டு வெளியேறாதபடி தடுத்தது. 1913இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்துக்கும் செட்டியார் கடன் பற்றிய அச்சமே ஒரு காரணம். ஆகவே வேலிக்கு வெளியே இருந்த ரப்பர் நிலங்களே அடமானத்துக்கு வந்தன. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, கடன் கொடுத்தவர் பலர் விரும்பாமலே தோட்டக்காரராயினர். அதே மந்தத்தில் வேலையிழந்த பல்லாயிரம் பால்வெட்டுத் தொழிலாளர் தமிழகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஒரே வீழ்ச்சி ஒருவருக்கு நிலத்தைத் தந்தது. மற்றவரிடமிருந்து லயத்து வீட்டையும் பறித்தது.

முருகப்பர் குடும்பம் காலத்தை முன்னறிந்தது. ஜப்பானியப் படை பர்மாவில் நுழையுமுன்பே முதலைத் தாயகத்துக்குத் திருப்பிற்று. 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கூடிச் சென்னையை அடுத்த அம்பத்தூரில் சைக்கிள் ஆலை அமைத்தது. 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் தோன்றியது. வட்டி வாங்கிய கை உருக்குக் குழாயைப் பிடிக்கத் துணிந்தது சிறு மாற்றமன்று. பர்மாவில் நிலத்தை நம்பித் தங்கிய விலாசங்கள் பல அனைத்தையும் இழந்ததை நினைத்தால் அத்துணிவின் அருமை விளங்கும்.

தொழிலாளிக்கோ திருப்பிக்கொள்ள முதல் இல்லை. 1950களில் வெள்ளையர் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். அங்கு உழைத்தோர் வேலையையும் வீட்டையும் இழந்தனர். அதற்கு மாற்றாகவே வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டார். பால்வெட்டுவோர் தம் சம்பளத்திலிருந்து செலுத்திய சிறு தொகைகள் சேர்ந்து, 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கின. இதுவும் ஒரு தமிழ் முதலீடே. குடும்பப் பெயர் மட்டும் இல்லை.

1981ஆம் ஆண்டு வியப்பானது. சென்னையில் 1788இல் தாமஸ் பாரி தொடங்கிய ஈ.ஐ.டி. பாரி நிறுவனம் முருகப்பர் குழுமத்தின் கைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7இல், சிரம்பானில் செமாரா ஆராய்ச்சி நிலையத்தை நடத்திவந்த கத்ரி நிறுவனத்தின் பங்குகளை லண்டன் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் வாங்கி, மலேசியா அதனைத் தன்வசமாக்கியது. இரண்டு பழைய ஆங்கில வாணிபப் பெயர்கள் ஓராண்டில் கைமாறின. நெகிரி செம்பிலானின் கத்ரி தோட்டங்களிலோ விடியற்காலைப் பிரட்டு வழக்கம்போல் நடந்தது.