பகிர்வட்டு எந்த ஸ்னாப்ஷாட்டில் சேரும்?

மெய்நிகர் இயந்திரத்தை ஸ்னாப்ஷாட் எடுப்பவர், தேவைப்பட்டால் அந்த நொடிக்கு முழுதாகத் திரும்பலாம் என்று நம்பியே எடுக்கிறார். இரண்டு இயந்திரங்கள் ஒரே வட்டில் எழுதும்போது அந்த நம்பிக்கை செல்லாது. இன்று புழக்கத்தில் உள்ள கருவிகளில் பல, பகிர்வட்டை ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒதுக்கிவிடுகின்றன. ஒதுக்குவது சரி. ஆனால் ஸ்னாப்ஷாட்டின் அலகாகத் தனி இயந்திரத்தையே இன்னும் வைத்திருப்பது தவறு. வட்டைப் பகிரும் இயந்திரக் குழுவே அலகாக வேண்டும் என்பது என் வாதம்.

ஒதுக்க நேர்வதற்கான காரணத்தை முதலில் பார்ப்போம். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் மூல வட்டுக்கோப்பு உறைகிறது. பிறகு எழுதப்படுபவை எல்லாம் டெல்டா கோப்பில் சேர்கின்றன. படிக்கையில் டெல்டாவில் கிடைக்காததை மட்டும் ஹைப்பர்வைசர் மூலத்திலிருந்து எடுக்கும். மூலம் மாறாது என்பதே இந்த ஏற்பாட்டின் அடித்தளம். அ, ஆ என்ற இரண்டு இயந்திரங்கள் ஒரு வட்டைப் பகிர, அ-வை மட்டும் இப்படி ஸ்னாப்ஷாட் எடுத்தோம் என்று கொள்வோம். காலியிடத்தைக் குறிக்கும் பிட்வரைபடத்தில் ஒரு பிளாக்கைத் தனக்கென அ குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு டெல்டாவுக்குப் போகிறது. ஆ படிப்பதோ மூலத்தை. அங்கே அதே பிளாக் இன்னும் காலி. அதை வேறொரு கோப்புக்கு ஆ ஒதுக்கிவிடுகிறது. அத்தோடு, மாறக்கூடாத மூலமும் அ-வின் டெல்டாவுக்கு அடியில் மாறிப்போகிறது. ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறைமைகளாலும் இதைத் தடுக்க முடியாது. பூட்டு முறைப்படி கைமாறியிருக்கும். ஆனால் பூட்டைப் பெற்ற கணு படிப்பது முந்தைய கணு எழுதியதை அல்ல.

எனவேதான் விர்ச்சுவல்பாக்ஸ், பகிரத்தக்கது என்று குறித்த வட்டின் நிலையை ஸ்னாப்ஷாட்டில் சேமிப்பதும் இல்லை, மீட்பதும் இல்லை. நிலையான அளவுள்ள வட்டுக்கோப்பை மட்டுமே அப்படிப் பகிர விடுகிறது. ஓவிர்ட்டும் பகிர்வட்டை விட்டுவிட்டு மற்ற வட்டுகளை மட்டும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறது. விஎம்வேரில் பல இயந்திரங்கள் எழுதும் வட்டுக்கு ஸ்னாப்ஷாட்டும் குளோனும் ஆதரிக்கப்படுவதில்லை. விர்ட்-குளோன், வற்புறுத்தினாலன்றிப் பகிர்வட்டை நகலெடுக்காது.

ஒதுக்கியபின் எஞ்சுவது என்ன? 1985இல் சாண்டியும் லாம்போர்ட்டும் பரவல் அமைப்புகளின் ஒட்டுமொத்த நிலையைப் பதிவது குறித்து எழுதிய கட்டுரை இங்கு வெளிச்சம் தருகிறது. ஒரு செய்தி பெறப்பட்டதாகப் பதிவில் இருந்தால், அது அனுப்பப்பட்டதும் அதே பதிவில் இருக்க வேண்டும். இல்லையேல் அந்த நிலை எந்த ஓட்டத்திலும் நிகழ்ந்திருக்க முடியாது. பகிர்வட்டையும் ஒரு செய்தித்தடமாகவே கருதலாம்: எழுதுவது அனுப்புதல், படிப்பது பெறுதல். அ நேற்றைய நிலைக்குப் போக, வட்டு இன்றைய நிலையில் நின்றால், அ இன்னும் எழுதாத ஒன்று வட்டில் இருக்கிறது. ஆ அதைப் படித்தும்விட்டது.

நினைவகத்தையும் சேர்த்து எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது இந்த முரண் மிகக் கொடியதாகிறது. அ-வின் பக்கத் தேக்ககத்தில் நேற்றைய பிட்வரைபடம் அப்படியே இருக்கும். இன்ன பூட்டு தன்னிடம் உள்ளது என்ற நேற்றைய கணக்கும் இருக்கும். தான் நீக்கப்பட்டதைக் கிளஸ்டர் வழியே அறிவதற்குள், தேங்கிய பக்கங்களை இன்றைய வட்டின்மேல் அது எழுதிவிடக்கூடும். நினைவகம் சேராத ஸ்னாப்ஷாட்டில் இந்த ஆபத்து இல்லை. இயந்திரம் புதிதாக எழுந்து, புதிதாகக் கிளஸ்டரில் சேர்கிறது. இயங்குதளத் திருத்தம் ஒன்றைச் சோதிக்க இதுவே போதும். இந்த இரண்டையும் ஒரே பொத்தானின்கீழ் வைத்திருப்பது ஏற்கத்தக்கதல்ல.

குளோனில் சிக்கல் அடையாளத்தைச் சார்ந்தது. ஓசிஎஃப்எஸ்2 கணு ஒவ்வொன்றும் வட்டில் தனக்குரிய இடத்தில் இதயத்துடிப்பை விடாமல் எழுதிவரும். அதே கணு எண்ணோடு குளோன் எழுந்தால், ஒரே இடத்தில் இரண்டு இயந்திரங்கள் துடிக்கும். சரி, வட்டையும் நகலெடுக்கலாம் என்றால், கோப்பு முறைமையின் யுயுஐடி இரட்டிக்கிறது. ஒரே இயந்திரத்தில் அதே யுயுஐடியோடு வரும் இரண்டாவது வட்டை எக்ஸ்எஃப்எஸ் ஏற்ற மறுப்பது நல்ல காப்பு. கிளஸ்டர் முழுவதையும் ஒன்றாக நகலெடுத்து, தனித்த வலையமைப்பில் வைத்துப் பெயர்களையும் எண்களையும் மாற்றியபின் இயக்குவதே நம்பத்தக்க வழி.

குழுவாக எடுப்பது செலவு மிக்கது, இயந்திரங்கள் பல ஹோஸ்ட்களில் சிதறியிருக்கும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் சேமிப்பக அரேக்களில் பல வால்யூம்களை ஒரே புள்ளியில் பிடிக்கும் ஒருமைக்குழு வசதி ஏற்கெனவே உண்டு. மின்சாரம் திடீரென நின்றால் வட்டுகள் எப்படியிருக்குமோ அப்படியொரு நிலை அதில் கிடைக்கும். ஜர்னலும் தரவுத்தளப் பதிவேடும் அதிலிருந்து மீளவே வடிவமைக்கப்பட்டவை. ஹைப்பர்-வி 2012 ஆர்2 பதிப்பில் பகிர்வட்டைக் கொண்டுவந்து, 2016 பதிப்பில் ஹோஸ்ட் வழிக் காப்புநகலுக்கு இடம்தரும் விஎச்டி செட் வடிவத்தைச் சேர்த்தது. வட்டையே காப்பின் அலகுக்குள் கொண்டுவரும் திசை அது.

ஹைப்பர்வைசர் செய்ய வேண்டியவை பெரிதல்ல. எழுதத்தக்க பகிர்வட்டு இணைந்திருந்தால் நினைவக ஸ்னாப்ஷாட்டை மறுக்க வேண்டும். உள்வட்டுகளை மட்டும் எடுத்தால், விடுபட்ட வட்டின் பெயரை ஸ்னாப்ஷாட் பதிவிலேயே எழுத வேண்டும். குழு ஸ்னாப்ஷாட்டிலிருந்து வட்டை மீட்கும்போது, அதே வட்டை வேறொரு இயந்திரம் திறந்து வைத்திருந்தால் அதை நிறுத்தும்வரை மீட்பைத் தொடங்கக் கூடாது.